வேர்ப் பிரிவில் ஒரே ஒருத்தி

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அந்தச் சுற்றறிக்கையை ஜெராக்ஸ் அக்கா நூற்றைம்பது பிரதி எடுத்து, மூலையில் பின் அடித்து, கட்டாகக் கட்டி அனுப்பிவிட்டாள். அது தனக்கும் சேர்த்து எழுதப்பட்ட கடிதம் என்பது மறுநாள்தான் தெரிந்தது. மகளின் பைக்குள்ளிருந்து அதில் ஒன்று வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது.

அக்காவின் கடை பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே. இரண்டு நகல் இயந்திரம், ஒரு லேமினேஷன் இயந்திரம், உட்கார ஒரு முக்காலி, அவ்வளவுதான் கடை. வருகிற காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. எழுத்து சாயாமல் விழுகிறதா, ஓரம் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். அதனால் இத்தனை வருஷத்தில் ஊரார் ரகசியமெல்லாம் அவள் கண் வழியாகப் போயும் ஒன்றும் மனசில் தங்கியதில்லை.

கடிதத்தை அவள் கணவர் சத்தமாகப் படித்தார். அவர் பஸ் டிரைவர். எதைப் படித்தாலும் ஊர்ப் பலகையைப் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தித்தான் படிப்பார்.

“அன்புள்ள பெற்றோரே. உங்கள் குழந்தை ஆறாம் வகுப்பில் நுழையும் முன், உலகத்தில் நுழைய விரும்புகிறதா என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்.” படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “விரும்பலேன்னு எழுதினா எங்க போய் நிக்கணும்?”

விஷயம் இதுதான். ஆறாம் வகுப்பை இரண்டாகப் பிரிக்கப் போகிறார்கள். ஒன்று உலகத் தரத்தில் உயர்கல்விப் பார்வையோடு நடக்கும் வகுப்பு. அதற்கு வானப் பிரிவு என்று பெயர். இன்னொன்று வழக்கமான வகுப்பு. அதைச் சாதாரணம் என்று சொன்னால் யார் மனமாவது நோகும் என்று வேர்ப் பிரிவு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அக்காவுக்கு ஒரே மகள், பதினோரு வயது. ஒரு இடத்தில் உட்காராததால் வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு வாலு என்றே பெயர். வானமா, வேரா என்று கேட்டதற்கு அவள், “என் ஃப்ரெண்ட்ஸ் எங்கயோ அங்க” என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

அக்காவால் அப்படி விட முடியவில்லை. கடைக்கு வந்த மருந்துக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார். “வேர்ல போட்டா அப்புறம் மண்ணுக்குள்ளதான் அக்கா. பாத்துக்கங்க.”

பெற்றோர் கூட்டத்துக்கு அரை மணி முன்னாலேயே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் தலைமையாசிரியர் பெரிய சார் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் உலகப் பார்வை ஒருங்கிணைப்பாளர். அந்தப் பதவிப் பெயரை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியதால் எல்லோரும் அவரைப் பார்வை சார் என்றே கூப்பிட்டார்கள். அவர் இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருந்தார். இடது கையில் உள்ளூர் நேரம், வலது கையில் உலக நேரம். எந்த நாட்டு நேரம் என்று யாரோ கேட்டதற்கு, “பொதுவா உலகம்” என்றார். கூட்டத்துக்கு அவர் இரண்டு நேரப்படியும் தாமதமாகத்தான் வந்திருந்தார்.

“பெற்றோர்களே!” என்று ஆரம்பித்தார். “இத்தனை வருஷமா உங்க பிள்ளைகளுக்கு நாங்க பாடம் நடத்திட்டு இருந்தோம். அந்தத் தப்பு இனிமே நடக்காது.”

பலத்த கைதட்டல்.

“வானப் பிரிவுல பதில் சொல்லித் தர மாட்டோம். கேள்வி கேக்க மட்டும்தான் சொல்லித் தருவோம்.”

அக்கா கையைத் தூக்கினாள்.

“கேள்விக்கெல்லாம் இன்னைக்கு நேரமில்லம்மா” என்றார் பார்வை சார்.

கூட்டம் முடிந்ததும் அவள் விடவில்லை. மாடிப்படியில் அவரை மடக்கினாள். “சார், வானப் பிரிவுல கணக்கு உண்டா?”

“உண்டு. ஆனா கணக்குன்னு சொல்ல மாட்டோம். எண்கள் வழியே உலகம்னு சொல்வோம்.”

“வாய்ப்பாடு?”

“அதை வாழ்க்கை சொல்லிக் குடுக்கும்.”

“வேர்ப் பிரிவுல என்ன சார் இருக்கு?”

பார்வை சார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அங்க... பாடம் நடத்துவாங்கம்மா.” ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வது மாதிரி சொன்னார்.

விண்ணப்பம் பதினான்கு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில்தான் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். ‘உங்கள் குழந்தை இதுவரை உலகுக்குச் செய்தது என்ன? முந்நூறு சொற்களுக்குக் குறையாமல் எழுதவும்.’

முதலில் நிரப்பிக்கொண்டு வந்தவர் மருந்துக் கடைக்காரர். துருவத்தில் பனி உருகுவதை நினைத்துத் தன் மகன் மூன்று வயதிலிருந்தே தூங்குவதில்லை என்று எழுதியிருந்தார். அது நகல் இயந்திரத்தின் கண்ணாடி மேல் கிடந்தபோது அடுத்து நின்ற பல் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

“அக்கா, அதுல எனக்கும் ஒரு காப்பி போடுங்களேன். சும்மா மாதிரிக்கு.”

“அது அவரோடதுங்க.”

“பரவால்ல, குடுங்க அக்கா” என்றார் மருந்துக் கடைக்காரர் பெருந்தன்மையாக. “பனி பொதுச் சொத்துதானே.”

நான்கே நாளில் அந்த ஊரில் அறுபத்தொரு பிள்ளைகளுக்குப் பனியால் தூக்கம் போயிற்று. இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பனான ஒருவர், அவசரத்தில் ‘என் மகன்’ என்பதையும் மாற்றாமல் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் மகளும் தேறினாள் என்பது பின்னால் வரும் சங்கதி.

வாலு தன் ஒன்பதாம் பக்கத்தைத் தானே நிரப்பினாள். ‘நான் உலகத்துக்கு இதுவரை ஒன்றும் செய்யவில்லை. எனக்குப் பதினோரு வயதுதான் ஆகிறது. அம்மா கடையில் பின் அடிப்பேன்.’

“முந்நூறு வார்த்தை எழுதணும்டி!” என்றாள் அக்கா.

“பதிமூணு எழுதிட்டேன்ல. மிச்சம் எரநூத்தி எண்பத்தேழுதான்.”

இயந்திரத்துக்கு அடியில் பனிக் கட்டுரையின் மங்கலான பிரதி ஒன்று மிச்சமாகக் கிடந்தது. அக்கா அதைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு யோசித்தாள். பனி உருகுவது உண்மைதான். ஆனால் வாலு படுத்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் புரண்டுகூடப் படுக்க மாட்டாள். காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, பதின்மூன்று சொல்லோடு விண்ணப்பத்தைக் கொடுத்தாள்.

அடுத்தது நேர்காணல். பெரிய சாரும் பார்வை சாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு பெரிய திரை. அதில் வெளிநாட்டிலிருந்து ஒரு உலக நிபுணர் தோன்றினார். தோன்றியவர் வாயைப் பாதி திறந்து, ஒரு விரலை உயர்த்தியபடி அப்படியே நின்றுவிட்டார். காலையிலிருந்தே அப்படித்தான் இருக்கிறாராம். பியூன் அண்ணன் வயரைப் பிடுங்கிச் செருகப் போனபோது பார்வை சார் பதறிப்போய்த் தடுத்தார். “தொடாதப்பா! யோசிச்சிட்டு இருக்கார்.”

உள்ளே வந்தவர்கள் எல்லோரும் திரையைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அக்காவும் கும்பிட்டாள்.

“ஒரு கப்பல் உடைஞ்சு தீவுல ஒதுங்கிட்ட” என்றார் பார்வை சார், வாலுவிடம். “உன்கூடப் பத்து நாட்டுக்காரங்க பத்து பேர். இருக்கிறது ஒரே ஒரு ரொட்டி. என்ன செய்வ?”

“பதினோரு துண்டா வெட்டுவேன்.”

பார்வை சார் கையிலிருந்த விடைத்தாளைப் பார்த்தார். “பத்து.”

“நானும் இருக்கேனே சார்.”

“இது கணக்குக் கேள்வி இல்லம்மா. பத்து நாட்டுப் பண்பாட்டையும் எப்படி மதிப்ப, எப்படிக் கலந்து பேசி முடிவெடுப்பன்னு கேக்கிறோம்.”

“எல்லாருக்கும் பசிக்கும் சார். சாப்பிட்டுட்டுப் பேசலாம்.”

பெரிய சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பார்வை சார் வெகுநேரம் எழுதினார். பிறகு திரையை நிமிர்ந்து பார்த்து, “அவருக்கும் திருப்தியில்ல” என்றார்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. ‘தங்கள் மகள் உணவிலும் எண்ணிக்கையிலும் அளவுக்கு மீறிய அக்கறை காட்டுகிறார். இவருக்கு உலகம் இன்னும் தயாராகவில்லை.’

தேர்வுப் பட்டியலை நகலெடுக்கிற வேலையும் அக்காவிடமே வந்து சேர்ந்தது. மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகள். அதில் நூற்று நாற்பத்திரண்டு பேர் வானத்துக்குப் போய்விட்டார்கள். ஒரே அறையில் அத்தனை பேர் கொள்ளாததால் மேல்வானம், நடுவானம், கீழ்வானம் என்று மூன்றாகப் பிரித்திருந்தார்கள். கீழ்வானம் சைக்கிள் கொட்டகையில் நடக்கும். பட்டியலின் அடியில் வேர்ப் பிரிவு என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஒரே ஒரு பெயர்.

அன்று அக்கா எழுத்து சாய்கிறதா என்று பார்க்கவில்லை. மகளின் பெயர் வெளிச்சத்தில் இருபது தடவை போய் இருபது தடவை வந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இயந்திரம் நின்றதும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராகப் பெரிய சாரிடம் போனாள்.

“ஒத்தப் பிள்ளைக்கு ஒரு வகுப்பா சார்? கீழ்வானத்துலயே ஒரு ஓரமா உக்கார வைங்க. இல்லேன்னா நின்னுட்டாவது படிக்கட்டும்.”

“முடியாதும்மா. ரெண்டு பிரிவும் நடக்கணும்னு கையேட்டுல இருக்கு” என்றார் பெரிய சார். அவர் கெட்டவர் இல்லை. கையேட்டை நம்பிக் கெட்டவர். “கீழ ஒரு பிரிவு இல்லேன்னா, மேல இருக்கிறது மேலன்னு எப்படித் தெரியும்? நூத்தி நாப்பத்திரண்டு பிள்ளைங்களை உயரத்துல வெச்சிருக்கிறதே உங்க பொண்ணுதான். எவ்வளவு பெரிய சேவை!”

வேர்ப் பிரிவுக்குக் கணக்கு டீச்சரைப் போட்டார்கள். ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பார்வைப் பயிற்சி நடந்தபோது அந்தம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தியதற்கு அது தண்டனை.

இப்படியாக வாலு தனி அறையில் படிக்க ஆரம்பித்தாள். வகுப்புத் தலைவி அவள்தான், வகுப்பும் அவள்தான். முதல் ரேங்க்கும் கடைசி ரேங்க்கும் அவளுக்கே. டீச்சர் சளைக்காமல் வாய்ப்பாட்டிலிருந்து ஆரம்பித்துப் பின்னம், தசமம் என்று போய்க்கொண்டே இருந்தார். புரியவில்லை என்றால் மறுபடி சொல்லுவார். புரிந்தது என்று பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். ஒரே ஒரு முகம்தானே இருக்கிறது பார்ப்பதற்கு.

“கணக்கு நல்லாத்தாம்மா இருக்கு” என்று ஒருநாள் கடையில் பின் அடித்துக்கொண்டே சொன்னாள் வாலு. “சிரிக்கத்தான் ஆள் இல்ல. இன்னைக்கு டீச்சர் சாக்பீஸ்னு நினைச்சு உதட்டுச் சாயத்தை எடுத்து போர்டுல எழுதிட்டாங்க. திரும்பிப் பாத்தேன். எல்லாம் காலி பெஞ்சு.”

அன்றிரவு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம். மருந்துக் கடைக்காரர் மகனோடு கடைக்கு வந்தார். பதினான்கு பக்கத்தில் ஒன்பது பிரதி வேண்டும் என்றார். “நூத்தி இருபத்தாறு ஷீட்டும்மா” என்று வாலு தலை நிமிராமல் சொன்னாள். அக்கா காகிதத்தை எண்ணி அடுக்கினாள்.

மருந்துக் கடைக்காரர் மகன் பக்கம் திரும்பினார். “ஏழெட்டு எவ்வளவுடா?”

“யாரோட பார்வையிலப்பா?” என்றான் அவன்.

“என் பார்வையிலடா!”

“அந்தக் கேள்விக்குப் பின்னால என்ன பயம் இருக்குன்னு முதல்ல யோசிங்கப்பா.”

மருந்துக் கடைக்காரர் மெதுவாக வாலுவிடம் கேட்டார். “உங்க பிரிவுல எத்தனை பேரும்மா?”

“நான் ஒருத்திதான்.”

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நூற்று நாற்பத்து மூன்று பேரில் வேர்ப் பிரிவுக்கு ஒரே ஒருத்தரைத்தான் எடுத்தார்களாம். தனி அறையாம். தனி டீச்சராம். “அந்த ஜெராக்ஸ்காரி கமுக்கமா வேலையை முடிச்சுட்டா பாத்தியா” என்று பல் டாக்டரம்மா பொருமினார். “எல்லாப் பேப்பரும் அவ கை வழியாத்தானே போகுது!” உடனே பெற்றோர்கள் திரண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். தங்கள் பிள்ளைகளை மட்டும் ஏன் வானத்திலேயே அழுத்தி வைத்திருக்கிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி.

பார்வை சார் அசரவில்லை. மறுபடி கூட்டம் போட்டார். “வேருக்குப் போறது எல்லாராலும் முடியாது” என்றார். “சாதாரணமா இருக்கிறதுக்கும் ஒரு தகுதி வேணும். அதை நிரூபிக்கணும்.”

அதற்கும் கைதட்டினார்கள்.

புதிய விண்ணப்பம் பதினாறு பக்கம். ‘உங்கள் குழந்தை சாதாரணமானது என்பதற்கு மூன்று சான்றுகள் தருக.’ இந்தத் தடவையும் மருந்துக் கடைக்காரர்தான் முதல் ஆள். ‘என் மகன் பிறவியிலேயே சாதாரணமானவன். மூன்று வயதுக்குள்ளாகவே அவனிடம் எந்தத் திறமையும் இல்லை என்பது எங்களுக்குத் தெளிவாகிவிட்டது. பனியைப் பற்றி அவன் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.’ இரண்டாம் நாளே அதுவும் பொதுச் சொத்தாகிவிட்டது. பல் டாக்டரம்மா இன்னும் ஒரு படி மேலே போய், தன் மகள் எல்லா வகையிலும் நடுத்தரம் என்று மூன்று டாக்டர்களிடம் முத்திரையோடு கையெழுத்து வாங்கி, லேமினேட் செய்யக் கொடுத்தார்.

அக்காவுக்கும் ஒரு கடிதம் வந்தது. வாலுவும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமாம். அவள் பதைபதைத்துப் பார்வை சாரிடம் ஓடினாள்.

“ஏற்கெனவே உள்ள இருக்கிறவளுக்கு எதுக்கு சார் ஃபாரம்?”

“உங்க பொண்ணு அரையாண்டுல கணக்குல நூத்துக்கு நூறு வாங்கியிருக்கா” என்றார் அவர், மார்க் பட்டியலைத் தட்டி. “சாதாரணப் பிள்ளை வாங்கற மார்க்காம்மா இது? எனக்குச் சந்தேகமா இருக்கு. வானத்துக்குத்தான் மாத்த வேண்டியிருக்கும்.”

“தயாரா இல்லைன்னு நீங்கதானே எழுதினீங்க!”

“அப்ப உலகம் தயாரா இல்ல. இப்ப வேர் தயாரா இல்ல. எங்களைக் குத்தம் சொல்லக் கூடாது.”

அக்காவுக்குச் சுள்ளென்று ஏறியது. நேராக வேர்ப் பிரிவு அறைக்குப் போனாள். கணக்கு டீச்சர் தனியாக உட்கார்ந்து ஒரே ஒரு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“டீச்சர், என் பொண்ணுக்கு வானமும் வேணாம், வேரும் வேணாம். அவளுக்குக் கணக்கு வேணும். சிரிக்க நாலு பிள்ளைங்க வேணும். இதுக்கு எந்த ஃபாரம்னு சொல்லுங்க, நானே நிரப்பிட்டுப் போறேன்.”

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அதுக்கு ஃபாரம் இல்லம்மா. அதனாலதான் இத்தனை நாளா யாருமே கேக்கல.” கொஞ்சம் யோசித்தார். “நாளைக்குக் காலையில ஒரு பத்து நிமிஷம் வர முடியுமா? இந்தக் கரும்பலகை ரொம்ப கனம்.”

மறுநாள் காலையில் கரும்பலகையை ஒரு பக்கம் டீச்சரும் இன்னொரு பக்கம் அக்காவும் பிடித்துக்கொள்ள, நடுவில் வாலு முட்டுக்கொடுக்க, அறையை விட்டு வெளியே தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய கூடத்தில் சாத்தினார்கள். டீச்சர் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு கணக்கை எழுதிவிட்டு, அதைத் தெரிந்தே தப்பாகப் போட்டார். “டீச்சர், தப்பு!” என்று வாலு கத்திய கத்தலில் தாழ்வாரம் அதிர்ந்தது. டீச்சர் சிரித்தார். யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கக் கீழ்வானத்திலிருந்து நான்கு தலை எட்டிப் பார்த்தது. பிறகு பத்து. பிறகு சைக்கிள் கொட்டகையே காலி.

அந்த நேரம் மேல்வானத்தில் உலகை உணர்தல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இருபது நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும். பார்வை சாரும் கண்ணை மூடியிருந்தார். திறந்து பார்த்தபோது வகுப்பில் பிள்ளைகள் இல்லை. முன்வரிசையில் ஒரே ஒரு பெண் மட்டும், சொன்ன சொல் மீறாமல், இன்னும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரிய சார் கூடத்து வாசலில் வந்து நின்றார். கையில் கையேடு. பக்கம் புரட்டிப் புரட்டித் தேடினார். கூடத்தில் வகுப்பு நடத்தக் கூடாது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அவருக்கே அது பெரிய ஆறுதலாக இருந்தது போலிருக்கிறது. கடைசி வரிசையில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, அவரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்.

ஒரு வாரம் போயிற்று. வானம், வேர் என்ற பலகைகளெல்லாம் அந்தந்த வாசலில் தொங்கிக்கொண்டுதான் இருந்தன. பிள்ளைகள் மட்டும் கூடத்தில் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்வை சார் கடைக்கு வந்தார். தெருவில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டுக் கோட்டுக்குள்ளிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தார். வேர்ப் பிரிவுக்கான பதினாறு பக்கம்.

“ஒரே ஒரு காப்பி போதும்” என்றார்.

அக்கா அதை வாங்கிக் கண்ணாடி மேல் வைக்கப் போனவள், வழக்கத்துக்கு மாறாகப் படித்தாள். பெற்றோர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருந்தது. மூன்று சான்றுகளும் அவர் கையெழுத்தில் இருந்தன. ஒன்று: என் மகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது. இரண்டு: கேட்டால் அழுகிறாள். மூன்று: எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை.

இத்தனை நாளில் அந்த இயந்திரத்துக்குள் போன விண்ணப்பங்களில் பனி இல்லாத முதல் விண்ணப்பம் அதுதான்.

“உங்க பொண்ணும் இங்கயா படிக்கிறா சார்?”

“மேல்வானம். எல்லாரும் போயிட்டாங்க. நான் சொன்னேன்னு அவ மட்டும் அங்கேயே உக்காந்திருக்கா.”

“இதுக்கு எதுக்கு சார் ஃபாரம்? நேரா கூடத்துல வந்து உக்கார வேண்டியதுதானே.”

“இல்லம்மா, ஃபாரம் இல்லாம எப்படி? எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது.”

வாலு பின் அடிப்பதை நிறுத்தினாள். “ஒத்தையிலயா சார் உக்காந்திருக்கா?”

அவர் தலையாட்டினார்.

“திங்கக்கிழமை அனுப்பி வைங்க. என் பெஞ்சுல இடம் இருக்கு. ஜன்னல் பக்கம் மட்டும் கேக்கக் கூடாது, அது என்னோடது. ஏழாம் வாய்ப்பாடு ஒண்ணும் பெரிய விஷயமில்ல சார், நான் பாத்துக்கறேன்.”

பார்வை சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அதை எழுத்துல குடுக்க முடியுமாம்மா?” என்றார்.

வாலு அம்மாவைப் பார்த்தாள். அக்கா ஒரு துண்டுக் காகிதத்தை நகர்த்தி வைத்தாள். வாலு பெஞ்சு, ஜன்னல், வாய்ப்பாடு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதி, கீழே கடை முத்திரையை அழுத்திக் குத்தி, மை காய ஊதிக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தைக் கடையிலேயே மறந்துவிட்டு, தெருவைக் கடந்து போனார்.